'பயிற்சி' என்ற பெயரில் இரவுக் கொள்ளை!

முதலாளிப் பத்திரிகைகள் அவ்வப்போது ஒரு படம் போடுகின்றன. மருந்துக் கடை மேஜைக்குப் பின்னால் ஓர் இளைஞன் நிற்கிறான். கையில் மாத்திரை அட்டை. பக்கத்தில் கல்லூரிப் புத்தகம். படத்துக்குக் கீழே நாலு வரி: பகலில் படிப்பு, இரவில் வேலை, வறுமையை வென்ற வாலிபன், மற்ற பிள்ளைகளுக்கு இவன் ஓர் எடுத்துக்காட்டு! வயிறு நிறைந்தவர்கள் அதைப் படித்துவிட்டு "பேஷ், பேஷ்" என்கிறார்கள். பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

அவ்வளவு சீக்கிரம் பக்கத்தைப் புரட்ட நாம் தயாராயில்லை. மூன்று கேள்விகள் கேட்கிறோம். படிக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பையன் கடையில் ஏன் நிற்கிறான்? நின்றதற்கு அவனுக்கு என்ன கூலி? தூக்கக் கண்ணோடு அவன் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை யார் வயிற்றுக்குள் போகிறது?

மூன்றாவது கேள்விக்கு இப்போதே பதில் சொல்லி விடலாம். ஷிப்டு முடிந்து இரவு 10 மணிக்குக் கடைக்கு ஓடி வரும் மில் தொழிலாளியின் வயிற்றுக்குள் போகிறது. களையெடுத்துத் திரும்பிய கூலிக்காரப் பெண்ணின் குழந்தை வயிற்றுக்குள் போகிறது. ஆகவே இது ஏதோ கல்லூரிப் பிள்ளைகளின் பிரச்னை என்று நாம் ஒதுங்க முடியாது. இது நம் பிரச்னை.

மடவார் வளாகத்தில் ஒரு வீடு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். வைத்தியநாத சுவாமி கோயில் உள்ள இடம். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்று நோவு வந்ததென்றும், இங்கே வந்து தங்கிக் குணமடைந்தாரென்றும் தல வரலாறு சொல்கிறது. ராஜாவுக்கு நோய் வந்தால் சாமியே வைத்தியராக வந்தாராம்! நமக்கு நோய் வந்தால் மருந்துச் சீட்டும் கையுமாகக் கடை வாசலில்தான் நிற்க வேண்டும்.

அந்த மடவார் வளாகத்தில் ஒரு வீடு. தகப்பனார் ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலைக்குப் போகிறார். தாயார் வயற்காட்டுக் கூலி. நடவு உண்டென்றால் வேலை, இல்லையென்றால் பட்டினி. மகன் பி.பார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பெயரை நாம் போடவில்லை. எந்தக் கல்லூரி, எந்தக் கடை என்றும் சொல்லவில்லை. சொன்னால் நமக்கு ஒன்றும் இல்லை. அவன் வேலை போய்விடும். தவிரவும், ஒரு பையனைப் பற்றியோ ஒரு கடையைப் பற்றியோ மட்டும் பேச நாம் வரவில்லை. அவனைப் போன்ற பிள்ளைகள் ராஜபாளையத்திலும் உண்டு, சிவகாசியிலும் உண்டு, மதுரையிலும் உண்டு.

இந்தக் குடும்பத்துக்கும் மருந்துக்கும் சம்பந்தம் புதியதல்ல. பையனின் சித்தப்பா சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் பாண்டேஜ் துணிக்குப் பேர் போனது என்பது ஊரறிந்த விஷயம். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் புண்ணைச் சுற்றுகிற துணி நம் சகோதரர்கள் கண் விழித்து நெய்த துணி. கட்டுத் துணி நெய்யும் வம்சத்திலிருந்து ஒருவன் மருந்து படிக்கப் போயிருக்கிறான். நல்ல காரியம். ஊரே பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

விடியற்காலை எழுந்து படிப்பு. 8 மணிக்கு பஸ். கல்லூரி நாளொன்றுக்கு 7 மணி நேரம் நடக்கிறது. வகுப்பு, செய்முறைக் கூடம், மறுபடி வகுப்பு. திரும்ப பஸ். மாலை 5.30 மணிக்குக் கடை. இரவு 10.30 மணிக்குக் கடையடைப்பு. பிறகு நடந்து வீட்டுக்கு. ஞாயிற்றுக் கிழமையாவது ஓய்வு உண்டா? ஞாயிறன்றுதான் கடையில் முழு நாள்.

ஒரு நாள் அவன் கேட்டிருக்கிறான்: "அண்ணாச்சி, நாளைக்கு லேப் பரீட்சை. இன்னிக்கு மட்டும் எட்டு மணிக்குப் போகட்டுமா?"

கிடைத்த பதில்: "நீ போயிட்டா மாத்திரை யாரு எடுக்கது? படிப்பு எங்கயும் ஓடிப் போகாதுய்யா தம்பி. இந்தக் கடை இருக்கப் போயித்தான் உனக்குப் படிப்பே!"

இந்த ஒரு வாக்கியத்தில் முதலாளித்துவ சமுதாயத்தின் முழு நியாயமும் அடங்கியிருக்கிறது. உழைக்கிறவன் கடையைத் தாங்குகிறான். ஆனால் கடைதான் அவனைத் தாங்குவதாகப் பேச்சு!

கணக்குப் பார்ப்போம்

தொழிலாளிக்குக் கணக்கு வராது என்று முதலாளிமார் நினைக்கிறார்கள். போட்டுத்தான் பார்ப்போம்.

கல்லூரி, வாரம் 6 நாள், நாளுக்கு 7 மணி: 42 மணி. கடை, வாரத்தில் 6 மாலை, மாலைக்கு 5 மணி: 30 மணி. ஞாயிற்றுக் கிழமை 10 மணி. மொத்தம் 82 மணி நேரம். பஸ்ஸிலும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலும் போவது நாளுக்கு 2 மணி என்று வைத்தால் மேலும் 12 மணி. ஆக 94. வாரத்துக்கு உள்ளதே 168 மணி. மிச்சம் 74. அதாவது நாளுக்குப் பத்தரை மணி நேரம். தூங்குவது, சாப்பிடுவது, குளிப்பது, துணி துவைப்பது, இத்தனையும் போக மருந்தியல் புத்தகம் படிப்பது, எல்லாம் அதற்குள்!

இதில் கடை வேலை மட்டும் வாரம் 40 மணி. கடைகளில் வேலை செய்வோருக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. முழு நேரச் சிப்பந்திக்கே 48 மணிதான். 'பகுதி நேரம்' என்று பெயர் சூட்டப்பட்ட இந்தப் பையனுக்கு 40! இதுவா பகுதி? ஆறில் ஐந்து பங்கு வேலையை வாங்கிக் கொண்டு அதற்குப் 'பகுதி நேரம்' என்று பெயர் வைப்பது ஏன்? முழுக் கூலி கொடுக்காமல் இருப்பதற்காக. வாரத்துக்கு ஒரு நாள் லீவு, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றெல்லாம் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காமல் இருப்பதற்காக.

2023 ஏப்ரல் 21இல் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியதே, நினைவிருக்கிறதா? மில்லிலும் பாக்டரியிலும் கொதிப்பு எழுந்தது. தொழிற்சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. சர்க்கார் அதை மே 1இல் வாபஸ் வாங்கியது. 1923 மே 1இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றி நூறாண்டு நிறைந்த அதே நாள்! நாம் 12 மணி நேரத்தை விரட்டியடித்தோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை 12 மணி நேரத்தைச் சத்தமில்லாமல் சுமந்து கொண்டிருக்கிறான். அவனுக்கு மசோதாவும் வேண்டியிருக்கவில்லை, சட்டசபையும் வேண்டியிருக்கவில்லை. வறுமை ஒன்றே போதுமானதாக இருந்தது.

பெண் பிள்ளைகள் நிலை என்ன? இரவுக் கடை அவர்களுக்கு இல்லை. ஆகவே லீவு நாட்களில் ஜவுளிக் கடையில் நிற்கிறார்கள். நாள் முழுவதும் கால் கடுக்க நிற்கிற கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். உட்காருவதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால் இந்த முதலாளிமாரின் தயாள குணத்தை என்னவென்று சொல்வது!

சுவரில் தொங்கும் சர்ட்டிபிகேட்

இனி வேறொரு விஷயம். மருந்துக் கடையில் சுவரை அண்ணாந்து பாருங்கள், தோழர்களே. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சர்ட்டிபிகேட் தொங்கும். பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவருடைய பெயர் அதில் இருக்கும். அந்த ஆள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் "இப்போதான் வெளியே போனார்" என்பார்கள். அவர் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்! ஆள் ஓரிடம், சர்ட்டிபிகேட் ஓரிடம். மாதா மாதம் சர்ட்டிபிகேட்டுக்கு வாடகை. மாடு இல்லாமல் மூக்கணாங்கயிற்றை வாடகைக்கு விடுகிற வியாபாரம் இது.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து கலக்கவோ கொடுக்கவோ கூடாது என்கிறது 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு. மருந்தாளுநர் தாமே கொடுக்க வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்க வேண்டும் என்கின்றன 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள். அவர் கடையில் இருந்தால் நம் பையன் அவர் கையின் கீழ் வேலை பார்ப்பதில் குற்றமில்லை. அவர் இல்லாத கடையில் பையன் சீட்டைப் படித்து மருந்து கொடுத்தால்? குற்றம் செய்தவன் பையன்! சர்ட்டிபிகேட்டை வாடகைக்கு விட்டவர் வீட்டில் இருக்கிறார். லாபம் வாங்கியவர் கல்லாவில் இருக்கிறார். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தால் மருந்தைக் கையில் வைத்துக் கொண்டு நிற்பவன் மில் தொழிலாளியின் மகன். நாளைக்குப் பதிவு பெற்று மருந்தாளுநர் ஆக வேண்டியவன், ஆகுமுன்பே வழக்கில் மாட்டுகிறான்.

இது வெறும் சட்டப் பேச்சல்ல. மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை உண்டு. மூட்டு வாதத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. காகித உறையில் 'தினம் ஒன்று' என்று தவறி எழுதி விட்டால் உயிருக்கே ஆபத்து. பேர் ஒன்று போலத் தோன்றும் மருந்துகள் எத்தனையோ. 5 மில்லிகிராமும் 50 மில்லிகிராமும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. காலை 5 மணிக்கு எழுந்த பையன், இரவு 10 மணிக்கு, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, மேற்பார்க்க ஆள் இல்லாமல், டாக்டரின் கிறுக்கல் எழுத்தைப் படித்து எடுத்துக் கொடுக்கிறான். இதுவரை தவறாமல் கொடுத்திருக்கிறான் என்றால் அது அவன் திறமை. நாளை தவறினால் பழி அவன் மேல். சாவு நம் வீட்டில்.

ஸ்பின்னிங் பிரிவில் தூங்கி விழுந்தவன் கை இயந்திரத்தில் சிக்கினால், "கவனக் குறைவு" என்று நிர்வாகம் எழுதுகிறது. மூன்று ஷிப்டு ஓட்டச் சொன்னது யார் என்று எழுதுவதில்லை. அதே கதைதான் இங்கும்.

"தொழில் கற்றுத் தருகிறோம்!"

கடை முதலாளிகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அவன் படிக்கிற படிப்பே மருந்துப் படிப்புதானே? இங்கே வேலையா வாங்குகிறோம்? தொழில் கற்றுத் தருகிறோம். நியாயமாகப் பார்த்தால் அவன்தான் எங்களுக்குக் கொடுக்க வேண்டும்!"

இந்தப் பல்லவியை மில் தொழிலாளிகள் நன்றாக அறிவார்கள். 'அப்ரெண்டிஸ்' என்று பெயர் போட்டு வருஷக் கணக்கில் மெஷின் ஓட்ட வைத்தார்களே, அதுவும் 'பயிற்சி'தான். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயரும் சூட்டி, சின்னஞ் சிறு பெண்களை மில் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கினார்களே, அவர்களுக்கும் 'பயிற்சி'தான். பெயர் மாறும், கடை மாறும், மில் மாறும், வித்தை ஒன்றுதான். வேலை வாங்கும்போது அவன் தொழிலாளி. கூலி கேட்கும்போது அவன் மாணவன்.

உண்மையிலேயே கற்றுத் தருகிறார்களா? அப்படியானால் அந்த மணி நேரங்கள் அவன் படிப்புக் கணக்கில் ஏற வேண்டாமா? மருந்தியல் டிப்ளமோவை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டாண்டுப் படிப்பு முடிந்த பிறகு 500 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆஸ்பத்திரியிலோ லைசென்ஸ் உள்ள மருந்துக் கடையிலோ அதைப் பெறலாம். நம் பிள்ளைகள் வாரம் 40 மணி நிற்கிறார்கள். 13 வாரத்தில் 500 மணி தாண்டி விடுகிறது. ஆனால் இரண்டு வருஷமாக நின்ற ஆயிரக் கணக்கான மணிகளில் ஒரு மணிகூடக் கணக்கில் ஏறாது. படிப்பு முடிந்து, மறுபடி 500 மணி, மறுபடி பெரும்பாலும் சம்பளமில்லாமல்! அதற்கும் மேலே, பதிவு செய்வதற்கு முன் வெளியேறும் தேர்வு ஒன்றும் எழுத வேண்டும் என்று 2022இல் விதி செய்தார்கள். 2024 அக்டோபரில் அந்தத் தேர்வு முதன்முறையாக நடந்தது.

வேடிக்கை என்னவென்றால் சட்டம் எப்போதும் இப்படிக் கண்ணை மூடிக் கொண்டிருக்கவில்லை. 1948இல் மருந்தியல் சட்டம் வந்தபோது, அதற்கு முன் ஐந்தாண்டு மருந்து கலக்கும் தொழிலில் இருந்தவர்கள் முதல் பதிவேட்டில் இடம் பெற வழி வைத்தார்கள். பழைய கம்பவுண்டர்கள் பலர் அப்படித்தான் பதிவு பெற்றார்கள். உழைப்பால் பெற்ற அறிவும் அறிவுதான் என்று அன்று ஒப்புக் கொண்டது சட்டம். இன்று படிப்பும் இருந்து, உழைப்பும் இருந்து, உழைப்புக்கு மட்டும் மதிப்பில்லை!

படிப்பைக் குறைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் மருந்து கொடுக்கலாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். நன்றாகப் படித்த மருந்தாளுநர் நமக்குத்தான் முதலில் தேவை. மருந்தாளுநர் ஒருவர் பக்கத்தில் நின்று, சொல்லிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, கூலியும் கொடுத்து வாங்கிய வேலை நேரம் பயிற்சியாகக் கணக்கில் ஏற வேண்டும் என்றுதான் சொல்கிறோம். இது நடக்காத காரியமா? முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில், மருந்தியல் மாணவனை 'இன்டர்ன்' என்று பதிவு செய்கிறார்கள். மருந்தாளுநர் மேற்பார்வையில் அவன் செய்யும் வேலை, லைசென்ஸுக்கு வேண்டிய 1,500 மணிக் கணக்கில் சேர வழி இருக்கிறது. அங்கும் கல்விக் கட்டணம் மாணவனைக் கடனில் மூழ்கடிக்கிறது. அமெரிக்காவுக்கு ஆரத்தி எடுக்க நாம் வரவில்லை. ஜெர்மனியில் தொழில் பயிலும் இளைஞருக்குக் குறைந்தபட்சப் பயிற்சிச் சம்பளம் 2020 முதல் சட்டமாகியிருக்கிறது. நம் நாட்டிலேயே 1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம் பயிற்சியாளருக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. கேட்க ஆளிருக்கும் இடத்தில் கிடைக்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் 'தொழில் கற்றுத் தருகிறோம்!'

கடைக்காரரின் கஷ்டம்

"நானும் கஷ்டப்படுகிறேன்" என்கிறார் சின்னக் கடைக்காரர். அது பொய்யல்ல. பெரிய கம்பெனிகள் ஊருக்கு ஊர் கிளை திறக்கின்றன. செல்போனில் அழுத்தினால் வீட்டு வாசலில் மருந்து வருகிறது. நூறு ரூபாய் மருந்தை எண்பதுக்குக் கொடுத்துச் சின்னக் கடையை நசுக்குகிறார்கள். ஆன்லைன் மருந்து வியாபாரத்தை எதிர்த்து 2018 செப்டம்பர் 28இல் நாடெங்கும் மருந்துக் கடைக்காரர்கள் கடையடைப்புச் செய்தார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு.

ஆனால் சின்னக் கடைக்காரரை நாம் ஒன்று கேட்கிறோம். மேலே இருக்கும் பெரிய முதலாளி உங்களை மிதிக்கிறான். நீங்கள் மேலே பார்த்துச் சண்டை போடுகிறீர்களா, கீழே பார்த்து மிதிக்கிறீர்களா? கம்பெனி குறைத்த லாபத்தைப் பையனின் தூக்கத்திலிருந்து எடுத்து ஈடு கட்டுவது எந்த ஊர் நியாயம்? அந்தப் பையன் உங்கள் எதிரியல்ல. அவனும் அவன் தகப்பனும் நாளைக்கு உங்கள் போராட்டத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள்.

யார் கட்ட வேண்டிய பணம்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பையன் கடையில் ஏன் நிற்கிறான்? கல்லூரிக் கட்டணம், பஸ், புத்தகம், சாப்பாடு. தகப்பனாரின் சம்பளத்துக்குள் இவை அடங்கவில்லை. அதனால் நிற்கிறான். சர்க்கார் மருந்தியல் கல்லூரி என்றால் நம் பக்கத்துக்கு மதுரைதான். மதுரை மருத்துவக் கல்லூரியில் அந்த வகுப்பு இருக்கிறது. இடங்களோ கொஞ்சம். மற்றப் பிள்ளைகள் தனியார் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். தனியார் கல்லூரிகள் புற்றீசல் போலப் பெருகுவதைப் பார்த்து, 2019இல் இந்திய மருந்தியல் கவுன்சிலே புதிய கல்லூரிகளுக்கு ஐந்தாண்டுத் தடை போட்டது. கல்லூரிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்படித் தடை போட கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. கல்லூரி திறப்பது அடிப்படை உரிமையாம்! அதில் படிப்பதற்கு ஏழைக்கு உரிமை உண்டா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2022 செப்டம்பர் 5இல் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இதை நாம் ஏளனம் செய்யவில்லை. கூலிக்காரன் வீட்டில் ஆயிரம் ரூபாயின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு 33 ரூபாய். இரவு 5 மணி நேரம் நிற்பவனை வீட்டுக்கு அனுப்ப இந்த 33 ரூபாய் போதுமா?

வருகைப் பதிவு என்று வேறொரு கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது. பி.பார்ம் படிப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவிகித வருகை இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். 100 நாளில் 80 நாள். தாயாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இந்த 20 நாளில்தான். இரவுக் கடை முடிந்து காலையில் எழ முடியாமல் போனாலும் இந்த 20 நாளில்தான். தாண்டினால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் படிப்பு நீளும், கட்டணம் கூடும், அதைக் கட்ட இன்னும் அதிக நேரம் கடையில் நிற்க வேண்டும். செக்கு மாடாவது சுற்றி வந்தால் எண்ணெய் வரும்!

நாட்டுக்கு மருந்தாளுநர் வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டும். 2025 பிப்ரவரி 24இல் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்களே, அவற்றுக்கும் வேண்டும். வேண்டியது நாட்டுக்கு. ஆளை உருவாக்கும் செலவு யாருக்கு? மடவார் வளாகத்துக் கூலிக்காரக் குடும்பத்துக்கு! இதற்குப் பெயர்தான் சுய முயற்சியாம்.

நம் குறையும் சொல்வோம்

மற்றவர்களைச் சாடி விட்டு நாம் நல்ல பெயர் எடுத்துக் கொள்ளப் போவதில்லை. மில்லில் சங்கம் வைத்தோம். வயலில் சங்கம் வைத்தோம். பாண்டேஜ் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தியபோது கூட நின்றோம். ஆனால் கடைத் தெருவை எட்டிப் பார்த்தோமா? சங்கக் கூட்டம் முடிந்து திரும்புகிற வழியில் அதே கடையில் தலைவலி மாத்திரை வாங்கினோம். எடுத்துக் கொடுத்த பையன் முகத்தைப் பார்த்தோமா? "ஏன் தம்பி கண்ணு சிவந்திருக்கு?" என்று கேட்டோமா?

தகப்பன்மாரும் யோசிக்க வேண்டும். "கடையில் நின்றால் தொழில் பழகுவான், தெருவில் சுற்ற மாட்டான்" என்று நம்மில் பலரே சொல்கிறோம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் மில்லில் நிற்கச் சொன்னால் சங்கத்துக்கு ஓடி வருகிறோம். மகன் விஷயத்தில் மட்டும் பொறுத்துப் போகச் சொல்கிறோம். மகன் சுரண்டப்படும்போது மௌனம் சாதிக்கிற தகப்பன், தன் சுரண்டலுக்கும் அரைச் சம்மதம் கொடுத்தவன் ஆகிறான்.

நாம் கேட்பது என்ன?

வேலை செய்வது இழிவு என்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். உழைப்பே நம் வர்க்கத்தின் பெருமை. உழைத்துக் கொண்டே படிப்பதும் தவறல்ல. உழைப்பைத் திருடுவதுதான் தவறு. ஆகவே கேட்கிறோம்:

1. படிக்கிற மாணவனை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கடையில் நிறுத்தக் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, பரீட்சை நாட்களில் லீவு வேண்டும்.

2. முழு நேரச் சிப்பந்திக்கு மணிக்கு என்ன கூலியோ, அதே கூலி மாணவனுக்கும் வேண்டும். 'பயிற்சி' என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது குற்றமாக வேண்டும்.

3. பதிவு பெற்ற மருந்தாளுநர் மேற்பார்வையில் செய்த வேலை நேரத்தைக் கட்டாயப் பயிற்சி நேரத்தில் சேர்க்க வேண்டும். பயிற்சி நேரம் முழுவதற்கும் உபகாரச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

4. சர்க்கார் ஆஸ்பத்திரி மருந்தகங்களிலும் சர்க்கார் ஆதரவில் நடக்கும் மருந்தகங்களிலும் ஏழை மாணவர்களுக்குச் சம்பளத்துடன் பயிற்சி இடம் ஒதுக்க வேண்டும்.

5. சர்ட்டிபிகேட் வாடகையை ஒழிக்க வேண்டும். பிடிபட்டால் மேஜைக்குப் பின்னால் நிற்கும் பையனை விட்டு, லைசென்ஸ் எடுத்தவர் மீதும் சர்ட்டிபிகேட்டை வாடகைக்கு விட்டவர் மீதும் வழக்குப் போட வேண்டும்.

6. சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஒவ்வொரு ஜில்லாவிலும் சர்க்கார் மருந்தியல் பட்டப் படிப்பும் இலவச விடுதியும் வேண்டும். 2022இல் மருத்துவக் கல்லூரி திறந்த விருதுநகரும் அதில் அடக்கம்.

இவை தானாக வராது. எட்டு மணி நேரம் தானாக வந்ததா? போனஸ் தானாக வந்ததா? ஆகவே மில் சங்கத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் தங்கள் கிளைக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுக்க வேண்டும். கடைச் சிப்பந்திகளையும் படிக்கும் பிள்ளைகளையும் அழைத்துப் பேச வேண்டும். எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அந்தக் கணக்கோடு தொழிலாளர் அதிகாரியிடமும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும் கூட்டமாகப் போக வேண்டும். தனியாகப் போகிற பையனுக்கு "நாளையிலிருந்து வராதே" என்பார்கள். ஊரே போனால் நாற்காலி போடுவார்கள்.

ஒன்று மட்டும் இன்றிரவே செய்யலாம். மருந்து வாங்கப் போகும்போது சுவரில் தொங்கும் சர்ட்டிபிகேட்டைக் காட்டிக் கேளுங்கள்: "இந்தப் பேருக்குரியவர் எங்கே?" பையனிடம் கேட்காதீர்கள். கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்வார். நூறு பேர் கேட்டால் மருந்தாளுநரைக் கடைக்குக் கூட்டி வந்து உட்கார வைப்பார்.

அன்றைக்கு நம் பையன் எட்டரை மணிக்கு வீட்டுக்குப் போவான். விளக்கைப் போட்டுப் படிப்பான். படித்து வெளியே வந்து நமக்கு மருந்து கொடுப்பான், கண் விழித்த கண்ணோடு அல்ல, தெளிந்த கண்ணோடு.